காலித் உமருக்கு என்ன முறை?

சென்ற மாதம் ஆர்.எஸ்.புரத்து மண்டபமொன்றில் எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் கூடி, காலஞ்சென்ற ஆசிரியர் துரைசாமியின் படத்தைத் திறந்து வைத்தனர். முன்வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி இட்டிருந்தார்கள். பேசியவர் அனைவரும் ஒரே பாடத்தைப் பற்றிப் பேசினர்: நான்காம் படிவத்தில் அவர் நடத்திய கலீபாக்கள் பாடம். கூட்டம் கலைந்தபின், இன்று அப்பள்ளியில் வரலாறு கற்பிக்கும் இளைஞர் சிலர் என்னிடம் வந்தனர்.

"ஐயா, அந்தப் பாடத்தைப் பக்கத்துல இருந்து கேட்ட வாத்தியாருங்கள்ல நீங்க ஒருத்தருதான் இருக்கறீங்க. பள்ளி மலருக்கு எழுதிக் குடுக்கோணுமுங்க" என்றனர்.

எழுதுகிறேன் என்றேன், எழுதுகிறேன். அதே பள்ளியில், பலகைத் தடுப்புக்கு இப்பால், நானும் வரலாறு கற்பித்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இலக்கணமும் இலக்கியமும் முறையாகக் கற்றுவிட்டு, பட்டம் பெற்று, பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதப் பழகி, கோயமுத்தூரில் வேலைக்கு வந்தேன். அங்கே எங்களை உண்மையில் பயிற்றியவர் தலைமையாசிரியர் அரங்கசாமி நாயுடு. அவர் பயிற்றிய முறைக்குத் திறனாய்வுப் பாடம் என்று பெயர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஓர் ஆசிரியர் வகுப்பு நடத்த, மற்றவர் எல்லோரும் பின் வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டும். ஒரு தாளை நடுவே கோடிட்டு, இடப்புறம் 'பொருள்' என்றும் வலப்புறம் 'முறை' என்றும் எழுதி, குற்றங்களை அதன்கீழ்க் குறிக்க வேண்டும். மணியடித்து மாணவர் போனபின், பாடம் நடத்தியவர் கரும்பலகை அருகே நின்றுகொண்டேயிருக்க, நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து படிப்போம். ஒருவரையொருவர் பொறாது வாழ்வதற்கு இதனினும் செம்மையான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

நாயுடு எதையும் எழுதமாட்டார். மாணவரோடு மாணவராகக் கடைசிப் பலகையில் அமர்ந்து, தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். பாடம் பிடித்திருந்தால் மணியடிக்கும்வரை அது மடியிலேயே கிடக்கும். பிடிக்காவிட்டால், ஓசையின்றி எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார். அதன்பின் நாம் என்ன சொன்னாலும் பயனில்லை. நடு வாக்கியத்தில் அந்த வெள்ளைத் தலைப்பாகை மேலெழுவதைக் கண்டு சொல் மறந்து நின்றவர் பலர். என் பாடங்களில் அது பெரும்பாலும் முக்கால் பாடவேளை வரை மடியில் இருக்கும், அதற்குமேல் இருந்ததில்லை. "பொருள்ல உங்களை அடிச்சுக்க ஆளில்லீங்க பண்டிதரே" என்பார். முறையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்.

முப்பதுகளின் பிற்பகுதியில், உயர்நிலைப் படிவங்களிலும் வரலாற்றைத் தமிழில் கற்பிக்கலாம் என்னும் ஏற்பாடு வந்தது. ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிய மூத்தவர்கள் திணறினர். நானோ இந்நாளுக்காகவே காத்திருந்தவன். எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று பல ஆண்டுகளாக மனத்துள் அடுக்கி வைத்திருந்தேன். பள்ளி ஆய்வாளர் வந்து ஒரு தமிழ் வரலாற்றுப் பாடத்தைக் கேட்கப்போகிறார் என்றும், அதை நடத்துபவருக்கே அடுத்த ஆண்டு ஆறாம் படிவத்து வரலாறு கிடைக்கும் என்றும் நாயுடு அறிவித்தார். ஆறாம் படிவமே பள்ளியின் இறுதி வகுப்பு, அதன் மணிமுடி. அது எனக்கே உரியது என்று நான் எண்ணியதில் தவறேதும் இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆண்டுதான் துரைசாமி வந்து சேர்ந்தார். காங்கேயத்துப் பக்கத்துக் காட்டுக்காரர், அதாவது உழவர், வீட்டுப் பிள்ளை. என்னைவிடப் பத்து வயது இளையவர். வரலாற்றை நன்றாகவே படித்திருந்தார், ஆனால் ஓடிக்கொண்டே படித்தவர் போலப் படித்திருந்தார். நான்காம் படிவத்தில் இரண்டு பிரிவு. ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. இரண்டுக்கும் இடையே சுவர் இல்லை. பலகைத் தடுப்பு ஒன்றே. இருவரும் அரேபியரின் எழுச்சியை ஒரே வாரத்தில் தொடங்கினோம்.

நான் முறைப்படி தொடங்கினேன். உரோமப் பேரரசும் பாரசீகப் பேரரசும் நெடுங்காலம் தம்முள் பொருது இளைத்திருந்த நிலை, நபிகள் நாயகத்தின் மறைவு, கலீபா என்பவர் அரசராகப் பிறந்தவரல்லர், நபிகளுக்குப் பின் சமூகத்தை நடத்த ஏற்கப்பட்டவர் என்பது, அபூபக்கரின் குறுகிய, உறுதியான ஆட்சி, பின் உமர், அவர் காலத்தில் சிரியாவும் எகிப்தும் பாரசீகத்தின் பெரும்பகுதியும் வந்து சேர்ந்தமை. ஒவ்வொரு செய்திக்கும் காரணம், ஒவ்வொரு காரணத்துக்கும் ஆதாரம். என் மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். தடுப்புக்கு அப்பால் துரைசாமியின் மாணவர்கள் சிரித்தார்கள். சிறிது நேரத்தில் என் வகுப்பில் தடுப்போரம் அமர்ந்திருந்தவர்கள் தலையைப் பலகைப்பக்கம் சாய்ப்பதைக் கண்டேன். அடுத்த நாள் அந்தப் பலகையோரம் உட்கார இடத்துக்குப் போட்டி நடந்தது. என் பாடம் நடக்கும்போது என் மாணவர்கள் வேறொருவரின் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? காலித் இப்னு வலீத் என்னும் தளபதியின் கதை வந்தது. தோல்வியே அறியாதவர், சிரியப் போர்களின் நாயகர். உமர் கலீபாவானதும் அவரைத் தலைமையிலிருந்து நீக்கி, அபூ உபைதாவைத் தளபதியாக்கினார். ஏன் நீக்கினார்?

"சின்ன வயசுல ரெண்டு பேரும் மல்லுக்கட்டுனாங்க கண்ணுகளா" என்றது தடுப்புக்கு அப்பால் துரைசாமியின் குரல். "காலித் போட்ட போடுல உமருக்குக் கால் முறிஞ்சுபோச்சு. சொந்தக்காரங்க வேற. நம்மூர்ல பங்காளிகளுக்குள்ள வரப்புல ஒரு சாண் மண்ணை வெட்டுனா எத்தனை வருசம் பேசமாட்டாங்க? அதே கதைதான். கால் கூடிப்போச்சு. மனசு கூடலை!"

வகுப்பு 'ஓ'வென்றது. என் வகுப்பும் கூடவே 'ஓ'வென்றது. அந்த மற்போர்க் கதை பிற்காலத்தார் சொல்லும் சுவைக்கதை. அதனைக் காரணமாக்கி ஒரு பெரியவரின் முடிவைப் பங்காளிப் பகையாக்குவது வரலாறன்று. எனக்குள் ஓர் இனிமை பரவியதையும் மறைக்கமாட்டேன்.

இரண்டு நாளில் தலைமையாசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது. அறையில் துரைசாமி நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் காதர் ராவுத்தர் அமர்ந்திருந்தார். அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கிக் கோயமுத்தூரில் வண்டிக்காரர்களுக்கு விற்பவர்; ஊரில் மதிப்புடையவர். அவர் பிள்ளைகள் இருவரும் எங்கள் பள்ளியில் படித்தார்கள்.

"பண்டிதரே, வாங்க" என்றார் நாயுடு. "ராவுத்தர் ஊட்டுல ஒரு சண்டையாமா. கேளுங்க."

ராவுத்தர் சினந்து பேசவில்லை. அதுதான் துரைசாமிக்கு இன்னும் கடினமாயிருந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க சார், எனக்கு ரெண்டு பசங்க. பெரியவன் பேரு உமரு. சின்னவன் பேரு காலிது. நானே பார்த்துப் பார்த்து வச்ச பேருங்க. சின்னவன் உங்க கிளாஸ். முந்தாநாள் ஊட்டுக்கு வந்து, 'உன்ற பேர்க்காரன் என்ற பேர்க்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டு வேலையை உட்டுத் தூக்கிப்போட்டான்'னு பெரியவனைச் சீண்டியிருக்கான். ரெண்டும் கட்டிப் புரண்டு, தண்ணிப்பானை ஒடைஞ்சு, அவங்கம்மா அழுவாத குறை. பானை போகட்டுமுங்க. ஹஜ்ரத் உமரை எங்க பெரியவுங்க எப்படிச் சொல்லிக் குடுத்திருக்காங்க தெரியுமுங்களா? ஒட்டுப்போட்ட துணி உடுத்துனவருங்க. அவரைக் கொண்டுபோய் வரப்புச் சண்டைக்காரரா ஆக்கிப்போட்டீங்களே!"

துரைசாமியின் முகம் கறுத்தது. "தப்பா நினைச்சுச் சொல்லலீங்க. ஒரு இங்கிலீஷ் புத்தகத்துல படிச்சனுங்க."

"எந்தப் புத்தகம்?" என்று கேட்டேன். அவருக்குப் பெயர் நினைவில்லை. எனக்குத் தெரியும். அது நம்பத்தக்கதன்று என்பதையும், பழைய வரலாற்றாசிரியர் தரும் காரணம் வேறு என்பதையும் அங்கேயே சொன்னேன்: வெற்றி காலிதால்தான் வருகிறது என்று மக்கள் நம்பத் தொடங்கியதை உமர் அஞ்சினார் என்றும், வெற்றி தருபவன் இறைவனே என்பதை அவர்கள் உணரவேண்டும் என்று கருதினார் என்றும் கூறுவர்.

"ஆமுங்க, அதுதான் நாங்க கேட்டது!" என்றார் ராவுத்தர்.

நாயுடு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "சரி. வர்ற வெள்ளிக்கெழமை துரைசாமி கிளாஸ்ல பண்டிதர் பாடம். அதுதான் திறனாய்வுப் பாடம். ராவுத்தரும் வந்து உக்காரோணும்."

"தொழுகையை முடிச்சுப்போட்டு வந்தர்றனுங்க."

வெளியே வந்ததும் துரைசாமி என்னிடம், "அண்ணா, என்னைக் காப்பாத்திப்போடுங்க" என்றார். அவருடைய வகுப்பில், அவர் கண்முன், அவருடைய பிழையை நான் திருத்தப்போகிறேன். ஆய்வாளர் பாடம் எனக்கே உறுதியாகிவிட்டது என்று கருதினேன். மூன்று மாலைகள் நூலகத்தில் அமர்ந்து, அரேபியரின் வம்சக் கொடிவழிகளைத் தேடினேன். உமருக்கும் காலிதுக்கும் உறவு உண்டு என்று துரைசாமி சொன்னது மெய்யே; எந்த உறவு என்று அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பின் வரிசையில் ஆசிரியர்கள் தத்தம் தாளில் கோடு இட்டுக்கொண்டார்கள். ராவுத்தர் தொப்பியுடன் நாயுடுவின் அருகே அமர்ந்தார். நாயுடு தலைப்பாகையை மடியில் வைத்தார். துரைசாமி மூலையில் இருந்தார்.

நான் தெளிவாகவே நடத்தினேன். சிரியாவின் வரைபடத்தைக் காட்டினேன். காரணங்களை வரிசைப்படுத்தினேன். காலித் நீக்கப்பட்ட காலத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் வேறுபடுவதை எடுத்துரைத்தேன். சில ஆண்டு கழித்து இரண்டாம் முறையாக அவர் அடியோடு நீக்கப்பட்டபோது, புலவர் ஒருவருக்கு அவர் அளித்த பெரும்பரிசு குற்றமாகப் பேசப்பட்டது என்பதையும் விடவில்லை. பிறகு கரும்பலகைக்குத் திரும்பிக் கொடிவழியை வரைந்தேன். உச்சியில் முகீரா. அவர் மக்களுள் இருவர்: ஹாஷிம், வலீத். ஹாஷிமின் மகள் ஹன்தமா. வலீதின் மகன் காலித். ஹன்தமாவின் மகன் உமர். ஹன்தமாவின் தந்தை ஹாஷிம் அல்லர், ஹிஷாம் என்பர் சிலர். அவரும் முகீராவின் மகனே ஆதலின் உறவு மாறாது என்று குறிப்பும் சொன்னேன். கோடுகள் நேராக வந்திருந்தன. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

தலைப்பாகை நாயுடுவின் தலையில் இருந்தது.

அப்போதுதான் ராவுத்தரின் இளைய மகன் எழுந்தான். "சார், அப்ப காலித் உமருக்கு என்ன முறை வேணுமுங்க?"

எங்கள் பக்கத்தில் இருவர் உறவினர் என்றால் அடுத்து எழும் கேள்வி இதுவே. நானும் உடனே விடை தந்தேன்: "அன்னையின் தந்தையுடன் பிறந்தாரின் மைந்தர்."

சொல்லிற் பிழையில்லை. வகுப்பு அதை எழுதத் தொடங்கியது. அந்த அமைதியில், மூலையிலிருந்து துரைசாமி எழுந்து நின்றார். திறனாய்வுப் பாடத்தில் பின் வரிசையினர் வாய்திறக்கக்கூடாது என்பது விதி. அவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா, அண்ணன் தம்பி மக்க ரெண்டு பேரும் என்ன முறை?" என்றார் வகுப்பை நோக்கி.

"அண்ணன் தங்கச்சிங்க சார்!"

"அந்தத் தங்கச்சி பையனுக்கு அவரு?"

அவர் பொறுத்திருந்தார். பிறகு வகுப்பு முழுவதும் ஒரே குரலாகக் கத்தியது: "மாமன்! தாய்மாமன்!"

"பங்காளியே இல்லீங்க!" என்று துரைசாமி ராவுத்தரை நோக்கிக் கைகூப்பினார். "நாந்தான் புத்தியில்லாம பங்காளின்னு சொல்லிப்போட்டேன். மாமனுங்க அவரு. பங்காளியை ஒதுக்கறது ஆருக்கும் ஆகுமுங்க. மாமன் இல்லாம நம்மூட்டுல ஒரு சீர் நடக்குமுங்களா? காது குத்தோணும்னா மாமன் மடி, கண்ணாலம்னா மாமன் கை. சண்டையில தோக்காத மாமன்! அவரையே இறங்குன்னு சொல்லோணும்னா, அந்த மனுசன் நெஞ்சுல எத்தனை உறுதி இருந்திருக்கோணும்? பொறாமைக்காரனால அது ஆகுமுங்களா?"

ராவுத்தர் தம்மை மறந்து, "சபாஷ்! எங்க ஊட்டுலயும் அப்படித்தானுங்க, மாமன் வராம இலை போடமாட்டோம்!" என்றார். அவருடைய மகன் தன் அண்ணனுக்கு இதைச் சொல்ல இப்போதே ஓடிவிடுவான் போல நின்றான்.

நான் நாயுடுவைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் தலைப்பாகையைக் கழற்றி மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

மாலையில் என்னைத் தனியே அழைத்தார். தம் வழக்கப்படி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகம் பாராமல் பேசினார். "ஆய்வாளர் பாடத்தைத் துரைசாமி எடுக்கட்டுமுங்க. பொருள் பூராம் நீங்க எழுதிக் குடுக்கோணும். ஒரு வரி தப்பு வந்தா உங்களைத்தான் கேப்பேன்."

"தவறு செய்தவர் அவர், திருத்தியவன் நான்" என்றேன்.

"தெரியுமுங்க. அதனாலதான் உங்களை எழுதச் சொல்றேன்."

எழுதிக் கொடுத்தேன். ஒரு வாக்கியத்தையும் வேண்டுமென்று பலவீனமாக விடவில்லை. விட்டிருந்தால் அது என் வாக்கியமாக இராது.

ஆய்வாளர் வந்த நாளில் பின் வரிசையில் அமர்ந்து, என் வாக்கியங்கள் வேறொருவர் வாயில் நடமாடுவதைக் கேட்டேன். பாதியைக் கலைத்து விட்டார். என் 'பொருது இளைத்திருந்த' பேரரசுகள் 'சண்டை போட்டே ஓஞ்சுபோன' பேரரசுகள் ஆயின. ஆனால் பொருள் ஓரிடத்திலும் வழுவவில்லை. கொடிவழியைக் கோணலாக வரைந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. கேள்வி கேட்டார், பொறுத்திருந்தார், "மாமன்!" என்று வகுப்பு கத்தியது. ஆய்வாளர் புன்னகைத்து, "இந்த வம்சாவளிக்கு ஆதாரம் என்ன?" என்றார்.

துரைசாமி சற்றும் தயங்காமல் என்னைக் காட்டினார். "அண்ணாதான் தேடி எடுத்துக் குடுத்தாருங்க. அவரைக் கேளுங்க, நூல் பேரோட சொல்லுவாரு."

எழுந்து சொன்னேன். ஆய்வாளர் தலையசைத்தார். போகும்போது நாயுடுவிடம், "இந்த இளைஞருக்கு எவ்வளவு பணிவு! மூத்தவருக்கு உரிய பெருமையை மறக்காமல் கொடுத்தாரே" என்றார். ஆக, என் உழைப்பும் அவருக்குப் பெருமை சேர்த்தது. அதை என்னுடையது என்று சொன்னதும் அவருக்கே பெருமை சேர்த்தது. எனக்கு வருவதற்கு வழியே இல்லாதபடி அது அமைந்தது.

ஆறாம் படிவம் அவருக்குப் போயிற்று. ஓய்வு பெறும்வரை நான் நான்காம் படிவத்திலேயே இருந்தேன். ஆண்டுதோறும் காலித் நீக்கப்பட்டதையும், பின் அபூ உபைதாவின்கீழ் நின்று போரிட்டதையும் கற்பித்தேன். அவர் முணுமுணுக்காமல் பணிந்தார் என்று நூல்கள் புகழ்கின்றன. அபூ உபைதாவோ இனியவர், அடக்கமானவர், காலிதை மதித்தவர் என்றும் அவை கூறுகின்றன. அத்தகையவரின்கீழ் நிற்பது எளிது என்று எண்ணுபவர் அப்படி நின்றறியாதவர். கொடியவர் ஒருவர் நம் இடத்தில் அமர்ந்தால் அவரை வெறுத்தேனும் ஆறலாம். துரைசாமியோ பொங்கல்தோறும் எலுமிச்சம்பழத்துடன் என் வீடு தேடி வந்து, "அண்ணா" என்று காலைத் தொட்டார்.

படத்திறப்பு விழாவுக்கே திரும்புகிறேன். இறுதியாகப் பேசியவர் ராவுத்தரின் இளைய மகன் காலித். இப்போது பேருந்துகள் வைத்து நடத்துகிறார், தலை நரைத்துவிட்டது. பானை உடைந்த கதையைச் சொல்லி அவையைச் சிரிக்க வைத்தார். பிறகு, "துரைசாமி சார் அன்னைக்கு போர்டுல அந்த வம்ச மரத்தை வரைஞ்சாரே, கோடு ஒவ்வொண்ணும் நூல் புடிச்ச மாதிரி! இன்னும் எங் கண்ணுல அப்படியே நிக்குதுங்க" என்றார்.

நூல் பிடித்தாற்போல. அவையில் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன்.

இளைய ஆசிரியர்களே, அந்தப் பாடத்தை நீங்கள் நடத்தும்போது உச்சியில் முகீராவை எழுதுங்கள். இருபுறமும் ஹாஷிமையும் வலீதையும் இறக்குங்கள். ஹன்தமாவையும் காலிதையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். உமரை அவருடைய அன்னையின்கீழ் எழுதிவிட்டு விலகி நில்லுங்கள். எவனாவது ஒருவன் முறை கேட்பான். விடை சொல்லாமல் பொறுத்திருங்கள், வகுப்பே சொல்லும். இப்படிப் பொறுத்திருப்பது துரைசாமியின் கலை. அதை அவருக்கே உரியதென்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்குத் தடையில்லை.

மலரில் இடம் போதாமல் இக்கட்டுரையைக் குறைக்க நேர்ந்தால், எந்தப் பகுதியை வேண்டுமானாலும் நீக்குங்கள். இந்த ஒரு வரியை மட்டும் நீக்காதீர்கள்: நேராக இருந்த கோடுகள் என்னுடையவை.